‘கனடா’ என்று ஒரு பேட்டை: கிட்டி ஃபாஸ்டரின் இரண்டு ஏக்கர்

சில வருஷங்களுக்கு முன்னால் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி இங்கே ஒரு கட்டுரை எழுதினேன். அதில் ஒரு வரி இருந்தது: "1863-க்கு முன் தெற்கு மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பினத்தவர் எல்லோரும் அடிமைகளே." எழுதும்போது கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. யாரும் தப்பென்று சொல்லவும் இல்லை. ஆனால் அது தப்பு. இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்கான திருத்தம். கொஞ்சம் நீளமான திருத்தம்.

அந்தத் தப்பு எனக்கு உறைத்தது புத்தகத்தில் இல்லை, ஒரு புல்வெளியில். வேலை நிமித்தமாக வடக்கு வர்ஜீனியாவில் இருந்த காலத்தில், ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு சார்லட்ஸ்வில் போனோம். எங்கள் இடத்திலிருந்து தெற்கே இரண்டு மணி நேர டிரைவ். தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ மாளிகை, பிறகு அவர் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகம் என்று வழக்கமான சுற்று. பல்கலைக்கழகத்தின் தெற்குப் பக்கம், புதிய கட்டடங்களை ஒட்டி ஒரு சின்னப் புல்வெளி. அதில் தலைக்கு மேலே உலோகத்தால் ஒரு சட்டம் மட்டும் நிற்கிறது. சுவர் இல்லை, கூரை இல்லை. வெயில் அடித்தால் அதன் நிழல் தரையில் விழுந்து ஒரு வீட்டின் உருவரையைக் காட்டும்படி அமைத்திருக்கிறார்கள். நாங்கள் போன அன்று மேகமூட்டம். நிழலே விழவில்லை.

"வீடு எங்கப்பா?" என்று மகள் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பலகையைப் படித்தேன். 1833-இல் இந்த நிலத்தை வாங்கியவர் கேதரின் ஃபாஸ்டர் என்கிற சுதந்திரக் கறுப்பினப் பெண் என்று இருந்தது. 1833. நான் எழுதிய வரிக்கு முப்பது வருஷம் முன்னால், தெற்கு மாநிலம் ஒன்றில், ஒரு கறுப்பினப் பெண் தன் பேரில் நிலம் வாங்கியிருக்கிறார். அன்று இரவு வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை.

முதலில் எண்கள்

1860-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 4,88,070 சுதந்திரக் கறுப்பினத்தவர் இருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தது வடக்கே இல்லை, அடிமைமுறை இருந்த மாநிலங்களில்தான். வர்ஜீனியாவில் மட்டும் சுமார் 58,000 பேர்.

சார்லட்ஸ்வில் அப்போது சேர்ந்திருந்த ஆல்பமார்ல் கவுன்டியின் கணக்கைப் பாருங்கள். மொத்த மக்கள் 26,625. அதில் வெள்ளையர் 12,103 பேர், அடிமைகள் 13,916 பேர், சுதந்திரக் கறுப்பினத்தவர் 606 பேர். அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்னொருவரின் சொத்தாக இருந்த ஊரில், நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லாத ஒரு சின்னக் கூட்டம். இவர்கள் யாருக்கும் சொத்து இல்லை. ஆனால் குடிமக்களும் இல்லை. ஓட்டு கிடையாது. வெள்ளையருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது.

எப்படி சுதந்திரம் கிடைத்தது? சிலரை உரிமையாளர்கள் உயிலில் விடுவித்தார்கள். சிலர் மிச்ச நேரத்தில் கூலி வேலை செய்து, சேர்த்த காசில் தங்களையே விலைக்கு வாங்கினார்கள். மீதிப் பேர் சுதந்திரமான தாய்க்குப் பிறந்தவர்கள்.

இந்தக் கடைசி வழியை மட்டும் கொஞ்சம் கவனிக்கணும். 1662-இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: பிள்ளை அடிமையா, சுதந்திரமா என்பதைத் தாயின் நிலைதான் தீர்மானிக்கும். இங்கிலாந்தின் வழக்கம் தந்தை வழி. அதைத் தலைகீழாக்கிய காரணம் வெளிப்படை: வெள்ளை எஜமானனுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளையும் அவன் சொத்தாகவே இருக்கும். அடிமைகளைப் பெருக்குவதற்குப் போட்ட விதி. ஆனால் அதே விதியின் மறுபக்கம், ஒரு பெண் எப்படியோ சுதந்திரமாகிவிட்டால் அவளுக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகள், மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகள் எல்லோரும் சுதந்திரமானவர்கள். கிட்டி ஃபாஸ்டர் கதையில் இது முக்கியம்.

சுதந்திரம், ஆனால் கிளம்பு

சுதந்திரம் கிடைத்தால் போதுமா? போதாது. வர்ஜீனியாவின் சட்டங்களை வரிசையாகப் படித்தால் எல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்வது மாதிரி எனக்குத் தோன்றியது: "போ."

1793-இல் ஒரு சட்டம். சுதந்திரக் கறுப்பினத்தவர் நீதிமன்ற எழுத்தரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். உயரம், நிறம், உடம்பில் என்னென்ன தழும்பு, எப்படி சுதந்திரமானார் எல்லாம் எழுதப்படும். ஒரு சான்றிதழ் தருவார்கள். நகரத்தில் வருஷா வருஷம், கிராமப்புறத்தில் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கணும். கையில் அந்தக் காகிதம் இல்லாமல் பிடிபட்டால் சிறை.

1806-இல் அடுத்தது. இனிமேல் விடுதலை பெறுகிறவர் பன்னிரண்டு மாதத்துக்குள் மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டும். தங்கினால் பிடித்து மறுபடி விற்கலாம். விற்ற பணம் ஊரிலுள்ள ஏழைகளின் நலநிதிக்குப் போகும். இந்த இடத்தை நான் இரண்டு தரம் படித்தேன்.

இதன் கொடுமை புரிய ஜெஃபர்சன் வீட்டையே பார்க்கலாம். அவர் 1826 ஜூலை 4 அன்று இறந்தார். வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர், உயிலில் ஐந்து ஆண்களுக்கு மட்டும் விடுதலை எழுதினார். கூடவே, அவர்கள் தங்கள் குடும்பங்கள் இருக்கும் வர்ஜீனியாவிலேயே வாழ சட்டமன்றம் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 1806 சட்டம் இருந்ததால் முன்னாள் ஜனாதிபதியே கேட்டு வாங்க வேண்டிய சலுகை அது.

அந்த ஐவரில் ஒருவர் கொல்லர் ஜோ ஃபாசெட். (கிட்டியின் குடும்பப் பெயர் ஃபாஸ்டர், இது ஃபாசெட், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஜோவுக்கு விடுதலை, ஆனால் மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. ஜெஃபர்சன் விட்டுப்போன கடனை அடைக்க 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் நடந்த ஏலத்தில் சுமார் 130 பேர் விற்பனைக்கு வந்தார்கள். ஈடித்தும் பிள்ளைகளும் வேறு வேறு கைகளுக்குப் போனார்கள். பதினோரு வயசுப் பையன் பீட்டரும் அதில் ஒருவன். ஜோ கொல்லுப்பட்டறையில் உழைத்து, ஒவ்வொருவராக மீட்கப் பாடுபட்டார். 1837-இல் மனைவிக்கும் பிள்ளைகள் சிலருக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்தார். அதாவது சட்டத்தின் கண்ணில் அதுவரை மனைவிக்கு உரிமையாளர் கணவன். பிறகு குடும்பம் ஒஹையோவுக்குப் போய்விட்டது. பீட்டர் அந்த 1837 பத்திரத்தில் இல்லை. அவர் அடிமையாகவே வளர்ந்து, 1850 வாக்கில்தான் சின்சினாட்டியில் குடும்பத்தோடு சேர்ந்தார்.

"போ" என்ற சட்டத்துக்குப் பணிந்து போனவர்களின் கதை இது. இனி போகாதவர்களின் கதை.

பல்கலைக்கழகத்தின் வாசலில்

வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு 1817-இல் அடிக்கல். 1819-இல் சட்டபூர்வமாக நிறுவப்பட்டது. 1825-இல் வகுப்புகள் தொடங்கின. இன்றைக்கு யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். மேட்டைச் சமன் செய்தது, செங்கல் சுட்டது, மரம் இழைத்தது, பிறகு மாணவர் அறைகளில் அடுப்பு மூட்டியது, தண்ணீர் சுமந்தது என்று பெரும்பகுதி வேலை அடிமைகளுடையது. 1817 முதல் 1865 வரை சுமார் 4,000 அடிமைகள் அங்கே உழைத்திருக்கலாம் என்று பல்கலைக்கழகமே இன்று கணக்குச் சொல்கிறது.

மாணவர்கள் எல்லோரும் வெள்ளை ஆண்கள், பெரும்பாலும் தெற்கத்திப் பண்ணை முதலாளிகளின் பிள்ளைகள். வீட்டில் ஒரு சட்டை துவைத்துப் பழக்கம் இல்லாதவர்கள். இவர்களுக்குத் துணி துவைக்க வேண்டும், கஞ்சி போட்டு இஸ்திரி போட வேண்டும், கிழிந்ததைத் தைக்க வேண்டும். அந்த வேலையைக் கூலிக்குச் செய்தவர்களில் சுதந்திரக் கறுப்பினப் பெண்களும் உண்டு. கேதரின் ஃபாஸ்டர் அப்படி ஒருவர். எல்லோரும் கூப்பிட்டது கிட்டி. தையல்காரர், சலவையும் செய்தவர்.

சலவை என்றால் இன்றைய வாஷிங் மெஷின் கணக்கில் யோசிக்காதீர்கள். கிணற்றிலோ ஊற்றிலோ தண்ணீர் இறைத்துச் சுமந்து வரணும். பெரிய இரும்புக் கொப்பரையில் விறகு எரித்துக் கொதிக்க வைக்கணும். சாம்பல் காரத்தையும் கொழுப்பையும் காய்ச்சிச் சோப்பு செய்யணும். அடித்து, அலசி, பிழிந்து, உலர்த்தி, அடுப்பில் காய வைத்த இரும்பால் தேய்க்கணும். குளிர்காலத்திலும் இதே வேலைதான். கை வெந்துபோகும். ஆனால் கையில் காசு வரும், அந்தக் காசு தன்னுடையது. அடுத்த அறையில் அதே மாதிரி துணி துவைக்கும் அடிமைப் பெண்ணுக்கு இல்லாதது அது.

1833-இல் கிட்டி பல்கலைக்கழகத்துக்குத் தெற்கே இரண்டு ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தை 450 டாலருக்கு வாங்கினார்.

இந்த வருஷத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கணும். 1831 ஏப்ரலில் வர்ஜீனியா, சுதந்திரக் கறுப்பினத்தவர் எழுதப் படிக்கக் கற்பதற்காகக் கூடுவதைச் சட்டவிரோதக் கூட்டம் என்று அறிவித்தது. அந்த ஆகஸ்டில் சவுத்தாம்ப்டனில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கலகம். அதற்குப் பழிவாங்குவது போல 1832-இல் மேலும் சட்டங்கள்: கறுப்பினத்தவர் பிரசங்கம் செய்யக்கூடாது, சுதந்திரமானவராக இருந்தாலும் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது. 1833 மார்ச்சில் சட்டமன்றம் ஆண்டுக்கு 18,000 டாலர் ஒதுக்கியது. எதற்கு? சுதந்திரக் கறுப்பினத்தவரைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவின் லைபீரியாவுக்கு அனுப்பி வைக்க.

மாநில அரசு இவரைப் போன்றவர்களை நாடு கடத்தப் பணம் ஒதுக்கிய அதே வருஷத்தில், இந்தப் பெண் 450 டாலர் கொடுத்து நிலம் வாங்குகிறார். சட்டம் "போ" என்றது. கிரயப் பத்திரம் "இருக்கேன்" என்றது. நான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு இந்த ஒரு தேதிப் பொருத்தம்தான் காரணம்.

பெயர் என்கிற நெடுவரிசை

என் தொழில் டேட்டாபேஸ். அதனால் பழைய கணக்கெடுப்புப் படிவங்களைப் பார்த்தால் முதலில் நெடுவரிசைத் தலைப்புகளைத்தான் பார்ப்பேன். எதைக் கேட்டார்கள் என்பதைவிட, எதற்கு இடமே விடவில்லை என்பது நிறைய சொல்லும்.

1850 கணக்கெடுப்பில் இரண்டு படிவங்கள். அடிமைகளுக்கானது ஒன்று: உரிமையாளர் பெயர், பிறகு அவரிடம் உள்ள ஒவ்வொரு அடிமைக்கும் வயது, பால், நிறம். அடிமையின் பெயருக்கு நெடுவரிசையே கிடையாது. இன்று தன் மூதாதையரைத் தேடும் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் பலர் 1870-ஐத் தாண்டிப் பின்னால் போக முடியாமல் முட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான்.

சுதந்திர மக்களுக்கான படிவம் வேறு. அதில் பெயர் உண்டு, சொந்த நிலத்தின் மதிப்பும் உண்டு. தொழில்? அந்தக் கேள்வி பதினைந்து வயது தாண்டிய ஆண்களுக்கு மட்டும். ஆகவே 1850-இல் கிட்டியைப் போன்ற ஒரு பெண், பெயரோடும் நிலத்தோடும் படிவத்தில் வரலாம். ஆனால் அந்த நிலத்தைச் சம்பாதித்துக் கொடுத்த வேலைக்கு அதில் இடமில்லை. பெண்களின் தொழிலையும் கேட்க ஆரம்பித்தது 1860-இல்.

இதை யோசித்தால், கிட்டி நம் கைக்குக் கிடைத்ததே நிலத்தால்தான் என்று படும். அந்தக் காலத்தில் அங்கே துணி துவைத்த பெண்கள் எத்தனையோ பேர். பெரும்பாலானவர்களுக்கு ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. பத்திரம் எழுதினால் வாங்கியவர் பெயர் எழுதித்தான் ஆகணும், எல்லை குறித்துத்தான் ஆகணும், அதைப் பாதுகாத்துத்தான் வைக்கணும். அவரை எதிலிருந்தும் விலக்கி வைத்த அதே ஆவணக் கிடங்கில், சொத்து என்ற ஒரே வாசல் வழியாக அவர் உள்ளே வந்துவிட்டார்.

‘கனடா’

கிட்டி 1863-இல் இறந்தார். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்த அதே ஆண்டு. ஆனால் சார்லட்ஸ்வில் அப்போது கூட்டமைப்புப் படைகளின் பிடியில். வடக்குப் படை ஊருக்குள் வந்தது 1865 மார்ச் 3-இல்தான். தன்னைச் சுற்றியிருந்த பதினான்காயிரம் பேருக்கு விடுதலை வந்ததை அவர் பார்க்கவில்லை.

நிலம் அவருடைய மகள், பேத்தி என்று ஃபாஸ்டர் குடும்பத்துப் பெண்களின் வழியே வந்தது. மேலே சொன்ன 1662 சட்டத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அடிமைத்தனத்தைத் தாய்வழியாகக் கடத்துவதற்குப் போட்ட விதி அது. இந்த ஒரு குடும்பத்தில் தாய்வழியாகச் சுதந்திரம் இறங்கியது, கூடவே பட்டாவும் இறங்கியது. 1833 முதல் 1906 வரை, எழுபத்து மூன்று வருஷம்.

கிட்டியைச் சுற்றி மற்றக் கறுப்பினக் குடும்பங்களும் வந்து சேர, அது ஒரு பேட்டையாக வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பத்திரங்களில் அந்தப் பகுதிக்குப் பெயர் ‘கனடா’. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது 1833-இல், நடைமுறைக்கு வந்தது 1834-இல். தப்பி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் 1850 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க வடமாநிலங்கள்கூடப் பாதுகாப்பில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் எல்லை தாண்டிக் கனடாவுக்கு ஓடினார்கள். ஒரு கறுப்பின அமெரிக்கர் காதில் அந்தச் சொல்லுக்கு நாட்டின் பெயர் என்பது மட்டும் அர்த்தம் இல்லை. அங்கே போய்விட்டால் பிடிக்க முடியாது என்று அர்த்தம்.

அந்தப் பெயரை வர்ஜீனியாவின் நடுவில், அடிமைகள் கட்டிய பல்கலைக்கழகத்தின் மதில் ஓரத்தில் ஒரு பேட்டை தாங்கி நின்றிருக்கிறது. வெள்ளையர் கிண்டலாகச் சொன்னதோ, குடியிருந்தவர்கள் பெருமையாகச் சொன்னதோ, இரண்டிலும் பொருள் ஒன்றுதான்: இது வேற இடம்.

காணாமல் போனது

1906-இல் நிலம் ஃபாஸ்டர் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. அந்தக் காலத்தையும் பார்க்கணும். 1902-இல் வர்ஜீனியாவின் புதிய அரசியலமைப்பு தலைவரியும் ஓட்டுத் தேர்வுகளும் கொண்டுவந்து கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பிடுங்கியது. 1912-இல் சார்லட்ஸ்வில் நகர மன்றம், எந்த இனத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று பிரிக்கும் விதியையே போட்டது. இந்த மாதிரி விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1917-இல். பல்கலைக்கழகத்தின் ஓரம் வெள்ளையர் குடியிருப்பாக மாறியது. பழைய அடிமைச் சட்டங்களைச் சமாளித்து நின்ற ‘கனடா’, விடுதலைக்குப் பிறகு வந்த இருபதாம் நூற்றாண்டில் வரைபடத்திலிருந்து மறைந்தது. என்னை அதிகம் தொந்தரவு செய்வது இந்த வரிசைதான்.

இது ஏதோ ஒரு பேட்டையின் தலைவிதியும் இல்லை. அதே ஊரில் வினிகர் ஹில் என்ற கறுப்பினக் குடியிருப்பும் கடைத்தெருவும் இருந்தது. 1960-இல் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். தலைவரி கட்டினால்தான் ஓட்டு என்பதால் அங்கே குடியிருந்த பலரால் ஓட்டுப் போடவே முடியவில்லை. 1960-களின் நடுவில் மொத்தத்தையும் இடித்தார்கள்.

பிற்பாடு ஃபாஸ்டர் நிலம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. 1993-இல் அங்கே வாகன நிறுத்துமிடத்தை விரிவாக்க மண் தோண்டினார்கள். கல்லறைகள் தட்டுப்பட்டன. முதலில் பன்னிரண்டு. 2005-இல் தொல்லியல் ஆய்வாளர்கள் விரிவாகத் தேடியபோது மொத்தம் 32. பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. வீட்டின் அடித்தளமும், கல் பாவிய முற்றமும் கிடைத்தன. அந்த முற்றத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டும் சலவைக்காரர் வீட்டில் மண் தரை சேறாகிவிடும். துவைத்த வெள்ளைத் துணியில் சேறு பட்டால் அன்றைய உழைப்பு வீண். கல் பாவியது அந்த வீட்டின் தொழிற்கூடமாக இருந்திருக்கணும். இது என் ஊகம், ஆனால் படிவத்தில் இடமில்லாமல் போன தொழில் தரையில் பதிவாகியிருக்கிறது என்று நினைக்கப் பிடிக்கிறது.

கல்லறைகளை எடுக்காமல் அப்படியே விட்டார்கள். பல்கலைக்கழகம் ‘சவுத் லான்’ என்ற புதிய கட்டட வளாகத்தைக் கட்டியபோது, கல்லறைப் பகுதியையும் வீடு இருந்த இடத்தையும் நினைவிடமாக ஒதுக்கியது. நான் பார்த்த உலோகச் சட்டம் அப்போது வந்தது. 2011-இல் அர்ப்பணிப்பு விழா நடந்தது.

கொஞ்சம் நியாயமாகவும் பேசணும். ஒரு நிறுவனம் தன் மறதியைத் தானே ஒத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை. 2012-இல் பல்கலைக்கழகக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, பெரும்பாலும் அடிமைகளுடையவை என்று கருதப்படும் 67 கல்லறைகளைக் கண்டுபிடித்தார்கள். அடிமைத் தொழிலாளர்களுக்கென்று வட்ட வடிவில் பெரிய நினைவகம் ஒன்றைக் கட்டினார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் இந்தப் பல்கலைக்கழகம் முதல் கறுப்பின மாணவரைச் சேர்த்தது 1950-இல், அதுவும் கிரெகரி ஸ்வான்சன் வழக்குப் போட்டு ஜெயித்த பிறகு. கிட்டி அந்த வாசலுக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி 117 வருஷம் கழித்து. இத்தனை வருஷமும் வாசல் அங்கேயேதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் அங்கேயேதான் இருந்தார்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இந்தக் கதையைச் சொன்னால் நண்பர்கள், "பரவாயில்லையே, அந்தக் காலத்திலேயே சிலருக்கு நல்லா இருந்திருக்கே" என்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் சட்டங்களை இவ்வளவு விரிவாக எழுதினேன். அந்த 606 பேரின் சுதந்திரம் ஒரு காகிதத்தில் தொங்கியது. அதைப் புதுப்பிக்கத் தவறினால் சிறை, மாநிலத்தில் தங்கினால் ஏலம், கூடிப் படித்தால் குற்றம். இவ்வளவும் தெரிந்தே ஒரு பெண் அங்கே மண்ணில் காசு போட்டார், பிள்ளைகளை வளர்த்தார், இறந்தவர்களைத் தன் நிலத்திலேயே புதைத்தார்கள். கடைசியில் அந்தக் கல்லறைகள்தான் புல்டோசரை நிறுத்தின.

என் பழைய வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: "1860-இல் தெற்கு மாநிலங்களில் சுமார் 40 லட்சம் கறுப்பினத்தவர் அடிமைகளாக இருந்தார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர், வெளியேறச் சொல்லும் சட்டங்களுக்கு நடுவே, சுதந்திரமாக வாழ்ந்தார்கள்."

சார்லட்ஸ்வில் போகிறவர்கள் ஜெஃபர்சனின் ரொட்டன்டாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் போதும். வெயில் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள், வீடு தெரியும்.